கல்யாண பேக்கேஜ்: மண்டபம் மட்டும் உங்கள் பெயரில் இருக்கட்டும்

வாசகியின் கடிதம், சுருக்கமாக

திருச்சி மாவட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். வருகிற தை மாதம் கல்யாணம். மண்டபம், சமையல், மணவறை அலங்காரம், நாதஸ்வரம், புரோகிதர், போட்டோ, வீடியோ, மணப்பெண் மேக்கப் என்று எல்லாவற்றையும் ஒரே நிறுவனம் செய்து தரும் பேக்கேஜ் ஒன்றை மகள் பார்த்து வைத்திருக்கிறாள். 500 பேருக்கு 9,75,000 ரூபாய். தனித்தனியாக ஆள் பிடித்தால் என்ன ஆகும் என்று கொழுந்தனார் ஒரு கணக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்: 10,60,000 ரூபாய். ‘பேக்கேஜே மலிவு, நீயும் அலைய வேண்டாம்’ என்கிறாள் மகள். ‘முன்பின் தெரியாதவங்ககிட்ட மொத்தத்தையும் கொடுக்காதீங்க அண்ணி’ என்கிறார் கொழுந்தனார்.

இதற்கிடையில், வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் பாதிப் பணத்தை ரொக்கமாகக் கொடுத்தால் 75,000 ரூபாய் தள்ளுபடி, ஆனால் பில் கிடையாது என்று நிறுவனத்தார் சொல்லியிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் பாட்டி உடல்நலம் சரியில்லாமல் இருக்கிறார். தேதி தள்ளிப்போனால் கொடுத்த பணம் என்ன ஆகும் என்பது இவருடைய பயம். ‘முன்பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது என்று அச்சடித்தே இருக்கிறது. அப்படியானால் சட்டப்படி கேட்க முடியாதுதானே? ஆண் துணை இல்லாத வீடு. கோர்ட், கேஸ் என்று என்னால் அலைய முடியாது’ என்று முடித்திருக்கிறார். கொட்டேஷன் நகலையும் இணைத்திருக்கிறார்.

வழக்கறிஞரின் பதில்

அம்மா, வணக்கம். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவர்களிடம் பணம் கொடுக்க வேண்டாம். மற்றதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன், முதலில் இது.

மார்கழி முழுக்க மண்டபங்கள் சும்மா கிடந்து, தை பிறந்ததும் ஒரே நேரத்தில் எல்லாரும் தேடுவார்கள் என்பது உண்மைதான். உங்களுக்கு அவசரம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த அவசரம் மண்டபத்துக்கு மட்டும்தான். போட்டோக்காரர் கடைசி நேரத்தில் வராவிட்டால் நாலு போன் போட்டு இன்னொருவரைப் பிடித்துவிடலாம். மேக்கப், மேளம், அலங்காரம் எல்லாமே கொஞ்சம் பணம் கூடப் போனாலும் கிடைத்துவிடும். சமையலுக்குக்கூட, சிரமப்பட்டாலும், ஊரில் ஆள் இருக்கும். முகூர்த்த நாளில் மண்டபம் மட்டும் கிடைக்காது. பத்திரிகையில் அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுத்த இடம் அது. இந்த ஒன்றை அடுத்தவர் கையில் விடக்கூடாது என்பதுதான் உங்களுக்கு நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம். பேக்கேஜ் நல்லதா கெட்டதா என்ற கேள்வி அதற்கு அப்புறம்தான் வருகிறது.

எது மலிவு?

நீங்கள் அனுப்பிய கொட்டேஷனைப் பொறுமையாகப் படித்தேன். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘சாப்பாடு 500 பேர்’ என்று இருக்கிறது. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அதற்கான விளக்கம் பின்பக்கத்தின் அடியில், கண்ணாடி போட்டால்தான் தெரியும் அளவு எழுத்தில் இருக்கிறது: முகூர்த்தச் சாப்பாடு 500, முந்தின நாள் மாலை விருந்து 350, காலை டிபன் 250, கூடுதல் இலை எந்த வேளையானாலும் 420 ரூபாய். அதற்குக் கீழே, ‘மின்சாரம், ஜெனரேட்டர், துப்புரவு ஆகும் செலவுப்படி. வரி தனி.’

இப்போது உங்கள் கடிதத்தைப் பார்க்கிறேன். முகூர்த்தத்துக்கு 650 பேர், மாலை ரிசப்ஷனுக்கு 450 பேர் வருவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் முகூர்த்தத்துக்கு 150 இலை, மாலைக்கு 100 இலை கூடுதல். 250 இலைக்கு 1,05,000 ரூபாய். வரி எத்தனை சதவீதம் என்று அவர்கள் எழுதவில்லை. மொத்தத்தையும் ஒரே ஈவென்ட் சேவையாகக் காட்டி 18 சதவீதம் போட்டால், 9,75,000-க்கு மட்டும் 1,75,500 ரூபாய். இரண்டையும் பேக்கேஜ் விலையோடு கூட்டினால் 12,55,500. கூடுதல் இலைக்கும் வரி போட்டால் இன்னும் ஏறும். கரண்ட் பில்லும் டீசலும் இதில் வரவில்லை.

கொழுந்தனாரின் 10,60,000 ரூபாய் கணக்கில் சமையல் 650 இலைக்கும் 450 இலைக்கும் போட்டிருக்கிறது. மண்டபத்தின் வரியையும் சேர்த்திருக்கிறார். ஆக, இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து மேலே உள்ள எண்ணை மட்டும் பார்த்ததால்தான் பேக்கேஜ் மலிவாகத் தெரிந்திருக்கிறது. உங்கள் மகள் தவறாகச் சொல்லவில்லை. அவளிடம் அந்த நிறுவனம் போனில் அனுப்பியது முன்பக்கத்தை மட்டும்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே.

வரி பற்றி இன்னொன்று. மண்டப வாடகைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. வெளியிலிருந்து வந்து சமைத்துப் பரிமாறும் கேட்டரிங் சேவைக்குப் பொதுவாக 5 சதவீதம். உங்கள் செலவில் பெரும்பங்கு சாப்பாடுதான். எனவே மண்டபத்துக்கும் சமையலுக்கும் தனித்தனி பில் வாங்குவதே சட்டப்படி வரியைக் குறைக்கிற வழி. பில்லே இல்லாமல் செய்வது அல்ல.

அப்படியானால் பேக்கேஜே வேண்டாமா?

அப்படிச் சொல்ல மாட்டேன். உங்கள் நிலையை யோசித்துப் பார்த்தேன். மகள் கல்யாணத்துக்கு நாலு நாள் முன்புதான் வர முடியும். கொழுந்தனார் உதவுவார், ஆனால் அவர் இருப்பது கோயம்புத்தூரில். பூக்காரருக்கு ஒரு போன், மேளக்காரருக்கு ஒரு போன், பந்தல்காரர் வந்தாரா என்று பார்க்க ஒரு நடை என்று கல்யாண நாளன்று பெண்ணின் தாய் ஓடிக்கொண்டிருந்தால், தாரை வார்க்கும் நேரத்தில் மணவறையில் உட்கார ஆள் இருக்காது. ஒரு பொறுப்பான ஆள் கையில் வேலையைக் கொடுப்பது ஆடம்பரமும் இல்லை, சோம்பலும் இல்லை.

பேக்கேஜில் நீங்கள் விலை கொடுத்து வாங்குவது அந்தப் பொறுப்பைத்தான். பூவும் மேளமும் தனியாகவும் கிடைக்கும். ‘எது தவறினாலும் பதில் சொல்ல வேண்டியது நாங்கள்’ என்று ஒருவர் எழுதிக் கொடுப்பதுதான் தனியாகக் கிடைக்காதது. உங்கள் கொட்டேஷனில் அதுதான் இல்லை. மாறாக, ‘வெளி ஒப்பந்ததாரர்களின் குறைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று ஒரு வரி இருக்கிறது. அவர்களுக்குச் சொந்தமாகச் சமையல்காரர் இல்லை, மேளம் இல்லை, மண்டபம் இல்லை. எல்லாமே வெளி ஒப்பந்தம்தான். எல்லாவற்றுக்கும் பணம் வாங்கிக்கொண்டு எதற்கும் பொறுப்பில்லை என்று சொல்கிற வரி அது. அதை அடித்தால் ஒழிய அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

என் யோசனை இது. மண்டபத்தை நீங்களே, உங்கள் பெயரில், மண்டபத்தாரிடம் நேரில் போய்ப் பிடியுங்கள். மற்ற வேலைகளை இந்த நிறுவனத்துக்கோ வேறொரு நிறுவனத்துக்கோ ஒரே பேக்கேஜாகக் கொடுங்கள். மண்டபத்தைக் கழித்துவிட்டு விலை சொல்லுங்கள் என்று கேட்டால், ஒத்துக்கொள்ளும் நிறுவனங்கள் நிறையவே இருக்கின்றன.

அந்த நிறுவனம் ‘உங்கள் தேதிக்கு மண்டபத்தைப் பிளாக் செய்து வைத்திருக்கிறோம்’ என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வாய்வார்த்தைக்கு மதிப்பில்லை. மண்டப அலுவலகத்தில் முன்பதிவுப் புத்தகத்தை நீங்களே பாருங்கள். அந்தத் தேதியில் யார் பெயர் எழுதியிருக்கிறது, எவ்வளவு கட்டியிருக்கிறார்கள், ரசீது எண் என்ன என்று கேளுங்கள். நிறுவனத்தின் பெயரில் இருந்தால், அவர்கள் மீதிப் பணத்தைக் கட்டாமல் விட்டால் மண்டபத்தார் கதவைத் திறக்க மாட்டார்கள். மண்டபத்தாருக்கும் உங்களுக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை என்பதால் அந்த நேரத்தில் அவர்களை நீங்கள் எதுவும் கேட்க முடியாது. நீங்கள் முழுப் பணத்தையும் நிறுவனத்திடம் கொடுத்திருந்தாலும் இதே கதிதான்.

மண்டபம் பிடிக்கும்போது இரண்டு கேள்விகளை மறக்காமல் கேளுங்கள். முந்தின நாள் எத்தனை மணிக்குச் சாவி கிடைக்கும், மறுநாள் எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும். வெளிச் சமையல்காரர், வெளி அலங்காரக்காரருக்கு அனுமதி உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா. சில மண்டபங்கள் தங்கள் ஆளைத்தான் வைக்க வேண்டும் என்பார்கள். சாவி வாங்கும்போது மின்சார மீட்டரைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், காலி செய்யும்போது இன்னொன்று. பில் பற்றிய வாக்குவாதம் அதோடு தீரும்.

ரொக்கமும் 75,000 ரூபாய் தள்ளுபடியும்

பாதிப் பணம் என்றால் 4,87,500 ரூபாய். இதை ரொக்கமாக வாங்க அவர்களுக்கு உரிமை இல்லை. ஒருவரிடமிருந்து இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் 2017 ஏப்ரல் முதல் தடை செய்திருக்கிறது. ‘ஒன்றரை ஒன்றரையாக மூன்று தவணையில் கொடுங்கள், பிரச்சினை வராது’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரே நாளில் வாங்குவதற்கு மட்டும் இல்லை இந்தத் தடை. ஒரே நிகழ்வு தொடர்பாகப் பல நாளில் வாங்கினாலும் மொத்தமாகவே கணக்கிடச் சொல்கிறது சட்டம். கல்யாணம் ஒரு நிகழ்வுதான். அபராதம் வாங்கியவருக்குத்தான், அதுவும் வாங்கிய தொகை அளவுக்கு. கொடுத்த உங்களுக்கு அபராதம் இல்லை.

உங்களுக்கு வரும் ஆபத்து வேறு. பில் இல்லை, வங்கிக் கணக்கில் தடயம் இல்லை என்றால், நாளைக்கு நான் உங்களுக்காக வாதாடினாலும் ‘இந்த அம்மா எங்களிடம் பணமே கொடுக்கவில்லை’ என்ற ஒரு வாக்கியத்தில் நம்மைத் திண்டாட வைத்துவிடுவார்கள். 75,000 ரூபாய் மிச்சம் பிடிக்க மீதி நாலு லட்சத்தைப் பணயம் வைக்க வேண்டாம். பில் தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறை.

பணத்தைக் காசோலையாகவோ வங்கி மாற்றமாகவோ நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்கே அனுப்புங்கள். ‘என் வீட்டுக்காரம்மா நம்பருக்கு ஜிபே பண்ணிடுங்க’ என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஜிஎஸ்டி வசூலிப்பதாகச் சொன்னால் பதிவு எண் கேளுங்கள். அது 15 இடங்கள் கொண்டது. தமிழ்நாட்டில் பதிவானது என்றால் 33-ல் தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் நிறுவனத்தின் பெயரும் பதிவு நடப்பில் உள்ளதா என்பதும் இலவசமாகத் தெரியும். இதை உங்கள் மகள் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடுவாள்.

அச்சடித்திருந்தால் சட்டமாகிவிடாது

‘எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது’ என்ற வரியைப் பார்த்ததும் நிறையப் பேர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு, ஒப்பந்தத்தில் எவ்வளவு தொகை எழுதியிருந்தாலும், நியாயமான இழப்பீடு மட்டுமே பெறலாம் என்கிறது. முன்பணத்தைப் பறிமுதல் செய்ய வேண்டுமானால் இழப்பு ஏற்பட்டிருக்க வேண்டும், நிரூபிக்கக்கூடிய இழப்பை நிரூபித்தாக வேண்டும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் கைலாஷ்நாத் அசோசியேட்ஸ் வழக்கில் சொன்னது. நீங்கள் விட்ட தேதியை இன்னொருவருக்குக் கொடுத்துக் காசாக்கிவிட்டால், உங்கள் முழுப் பணத்தையும் வைத்துக்கொள்ள அவர்களுக்கு என்ன நியாயம் இருக்கிறது?

ஆனால் இதைத் தப்பாகவும் புரிந்துகொள்ளக் கூடாது. நாம் விலகினால் முழுப் பணமும் திரும்ப வரும் என்று அர்த்தமில்லை. உங்களுக்காக ஒரு முகூர்த்தத் தேதியை ஒதுக்கி வைத்து, வேறு ஆர்டரை விட்டவர்களுக்கு ஒரு பங்கு பிடித்துக்கொள்ள உரிமை உண்டு. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது நிறுத்தினால் அந்தப் பங்கு பெரியதாகவே இருக்கும். அதனால்தான் அளவை முன்கூட்டியே எழுதிவிடச் சொல்கிறேன். 90 நாளுக்கு முன்பு ரத்து செய்தால் முன்பணத்தில் 10 சதவீதம், 30 நாளுக்கு முன்பு என்றால் 25 சதவீதம், அதற்குப் பின் 50 சதவீதம் பிடித்தம் என்று நீங்கள் கேட்டுப் பாருங்கள். அவர்கள் வேறு எண் சொல்வார்கள், பேசி முடிக்கலாம்.

உங்கள் பயம் ரத்து பற்றியதில்லை, தள்ளிப்போவது பற்றியது. அதற்குத் தனியாக ஒரு வரி வேண்டும்: இரு வீட்டிலும் நெருங்கிய உறவில் மரணமோ கடும் நோயோ ஏற்பட்டால், ஓராண்டுக்குள் வேறு தேதிக்குக் கூடுதல் கட்டணமின்றி மாற்றித் தர வேண்டும், கொடுத்த பணம் முழுவதும் வரவு வைக்கப்பட வேண்டும். பாட்டியின் நிலையை மனதில் வைத்துத்தான் இதைக் கேட்கிறோம் என்று வெளிப்படையாகவே சொல்லலாம். அமங்கலமாகப் பேசுகிறோமே என்று தயங்காதீர்கள். இதே வரியை மண்டபத்தாரிடமும் கேளுங்கள்.

அரசு உத்தரவாலோ பேரிடராலோ கல்யாணமே நடத்த முடியாமல் போனால் கதை வேறு. 2020 ஊரடங்கில் 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று உத்தரவு வந்தபோது இந்தக் கேள்வி வீடு வீடாக எழுந்தது. நிறைவேற்றவே முடியாமல் போகும் ஒப்பந்தம் செல்லாததாகிவிடும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 56-வது பிரிவு. அதன் கீழ் பெற்ற பயனைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 65-வது பிரிவு.

ஒப்பந்தத்தில் இவை இருக்கட்டும்

முத்திரைத்தாளில் எழுதாத ஒப்பந்தம் செல்லாது என்று உங்கள் உறவினர் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. வெள்ளைத்தாளில் எழுதினாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். ஆனால் பிறகு ஆவணமாகத் தாக்கல் செய்யும்போது முத்திரைத் தீர்வையும் அபராதமும் கட்டச் சொல்வார்கள். அந்தத் தொல்லை எதற்கு, முத்திரைத்தாளிலேயே எழுதிவிடுங்கள். நீங்களே கையெழுத்திடுங்கள், உங்கள் கணக்கிலிருந்தே பணம் போகட்டும். மரியாதைக்காகக் கொழுந்தனாரைக் கையெழுத்துப் போடச் சொல்ல வேண்டியதில்லை. சாட்சியாக அவர் போடட்டும்.

*இலைக் கணக்கு.* கல்யாண வீட்டில் சண்டை வருகிற இடம் பெரும்பாலும் இதுதான். முதல் பந்திக்கு முன் இலைக்கட்டுகளை எண்ணி ஒரு நோட்டில் எழுத வேண்டும். கடைசிப் பந்தி முடிந்ததும் மீதி இலையையும் கிழிந்த இலையையும் தனித்தனியாக எண்ணி, இரண்டு தரப்பு ஆளும் அந்த இடத்திலேயே கையெழுத்திட வேண்டும். மேளக்காரர், போட்டோக்காரர், டிரைவர்கள், நிறுவனத்தின் ஆட்கள் சாப்பிடும் இலை உங்கள் கணக்கில் வரக் கூடாது என்று எழுதுங்கள். மடியில் உட்கார்ந்து சாப்பிடும் குழந்தைக்கு இலை போட்டால் முழு விலையா என்பதையும் பேசிவிடுங்கள். இந்த நோட்டைப் பார்த்துக்கொள்ள உறவில் நிதானமான பையன் ஒருவனை நியமியுங்கள். மாலை விருந்து பஃபே என்றால் இலைக்குப் பதில் தட்டு, அவ்வளவுதான்.

*சமையல்காரர் யார்.* நிறுவனத்தின் பெயர் போதாது, சமைக்கப் போகிறவரின் பெயர் வேண்டும். அவர் செய்யும் வேறொரு கல்யாணத்தில் சாப்பிட்டுப் பார்க்க அனுமதி கேளுங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் 14 இலக்கம், அது பில்லில் இருக்க வேண்டும். எத்தனை பொரியல், எத்தனை கூட்டு, பாயசம் எது, இனிப்பு நெய்யிலா எண்ணெயிலா என்பது வரை பட்டியல் இணைப்பாகச் சேரட்டும்.

*படமும் வீடியோவும்.* பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்பது பதிப்புரிமைச் சட்டம். ஆனால் இங்கே போட்டோக்காரரை எடுக்கச் சொல்வது நிறுவனம், நீங்கள் இல்லை. எனவே எல்லாப் படங்களும் எடிட் செய்யாத வீடியோவும் உங்களுக்குச் சொந்தம், உங்கள் மகளின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் அவர்களுடைய இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதிவிடுங்கள்.

*பாட்டுக் கட்டணம்.* ரிசப்ஷனில் சினிமாப் பாட்டு போட ‘லைசென்ஸ்’ என்று 15,000 ரூபாய் போட்டிருக்கிறார்கள். கல்யாணத்திலும் அதையொட்டிய கொண்டாட்டங்களிலும் பாட்டு ஒலிப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று அதே சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசு இதைப் பொது அறிவிப்பாகவும் வெளியிட்டது. அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள்.

*பணம் கொடுக்கும் தவணை.* இப்போது 15 சதவீதம், ஒரு மாதத்துக்கு முன் 35, முந்தின நாள் ஆட்களும் சாமான்களும் வந்து இறங்கிய பிறகு 40, ஆல்பமும் வீடியோவும் கைக்கு வந்ததும் மீதி 10. இந்தக் கடைசிப் பத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். முழுப் பணமும் போன பிறகு ஆல்பத்துக்காக நடையாய் நடக்கும் வீடுகள் ஏராளம்.

ரிசப்ஷன் செலவைச் சம்பந்தி வீட்டார் ஏற்பதாகச் சொன்னதையும் எழுதியிருந்தீர்கள். அப்படியானால் மாலை விருந்துக்கும் மேடை அலங்காரத்துக்கும் தனி பில், அவர்கள் பெயரில் போடச் சொல்லுங்கள். கல்யாணம் முடிந்து சம்பந்தியிடம் போய்க் கணக்குப் பேசும் சங்கடம் உங்களுக்கு வேண்டாம்.

தகராறு வந்தால்

கோர்ட் என்றதும் பத்து வருஷம், கறுப்புக் கோட்டு, வாய்தா என்று உங்கள் கண்முன் வருவது தெரிகிறது. இந்த மாதிரி விவகாரம் போக வேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் அங்கேதான். ஐந்து லட்சம் வரை கட்டணமே கிடையாது. ஐந்துக்கு மேல் பத்து லட்சம் வரை 200 ரூபாய், இருபது லட்சம் வரை 400 ரூபாய். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இணையவழியாகவே புகார் தரலாம். இரண்டு ஆண்டுக்குள் தர வேண்டும், அதுதான் கெடு. அதற்கு முன்பு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொன்னால், அவர்கள் நிறுவனத்தைத் தொடர்புகொண்டு பேசுவார்கள். சின்னத் தொகை தகராறுகள் பல அங்கேயே முடிந்துவிடுகின்றன.

‘வழக்குகள் சென்னை நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டவை’ என்ற வரியைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தர 2019 சட்டம் உங்களுக்கு வழி வைத்திருக்கிறது. ஒரு சிக்கல் மட்டும் உண்டு. சேவையில் குறை என்றால் மாவட்ட ஆணையம். ஒப்பந்தத்தின் வாசகமே நியாயமற்றது, அதை ரத்து செய்யுங்கள் என்று கேட்பதானால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். கையெழுத்திடும் முன்பே வரிகளைத் திருத்திக்கொள்ளச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் கூடுதலாகத்தான் ஆகிறது. அதை மறைக்க விரும்பவில்லை. அதனால் சான்றுகளை இன்றிலிருந்தே சேர்த்து வையுங்கள். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள், போனை மாற்றினாலும் பழையதை வைத்திருங்கள். மின்னணுப் பதிவுகளைச் சான்றாக ஏற்க, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவு உரிய சான்றிதழ் கேட்கிறது. போன் உங்களிடம் இருந்தால் அதைத் தருவது எளிது. நேரில் பேசிய எதையும் அன்று மாலையே ‘இன்று நாம் பேசியபடி’ என்று ஒரு செய்தியாக அனுப்பிவிடுங்கள்.

ஆண் துணை இல்லாத வீடு என்று எழுதியிருந்தீர்கள். முப்பது வருடம் வகுப்பறையில் நின்றவர் நீங்கள். பின்பக்கத்துச் சிறிய எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்து, சந்தேகம் வந்து, நகலெடுத்து அனுப்பத் தெரிந்தவருக்கு இந்த வேலை கைக்கு அடங்காதது இல்லை. கொழுந்தனாரின் எச்சரிக்கை நியாயமானது, மகளின் அக்கறையும் நியாயமானது. மண்டபம் உங்கள் பெயரில், மற்றவை பேக்கேஜில் என்றால் இருவருமே ஒத்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன்.

நாளைக்கே மண்டப அலுவலகத்துக்குப் போய்ப் புத்தகத்தைப் பாருங்கள். தேதி காலியாக இருந்தால் அங்கேயே முன்பணம் கட்டி, உங்கள் பெயரில் ரசீது வாங்குங்கள். பிறகு நிறுவனத்துக்கு மேலே சொன்னவற்றை எழுதி அனுப்பி, மண்டபம் நீங்கலாகப் புதிய கொட்டேஷன் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் கொழுந்தனாரின் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் சமையலையும் அலங்காரத்தையும் ஒருவரிடமே கொடுத்தால் உங்கள் அலைச்சல் பாதியாகும். ஒப்பந்த வரைவு கைக்கு வந்ததும், கையெழுத்திடும் முன் எனக்கு அனுப்புங்கள். படித்துச் சொல்கிறேன்.